பர்கூர் பட்டிக்காரருக்கு என்ன பதில்?

2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது கோயம்புத்தூரில் காடு, யானை என்று பேசிக்கொண்டிருக்கும் நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். மகிழக் காரணமும் இருந்தது. ஈரோடு மாவட்டம் அந்தியூர், பர்கூர், தட்டக்கரை, சென்னம்பட்டி பக்கத்துக் காடுகளில் 80,567 ஹெக்டேர், அதாவது 800 சதுர கிலோமீட்டருக்கும் மேலான நிலம், ஒரே அரசாணையில் சரணாலயம் ஆயிற்று. மாநிலத்தின் 18ஆவது வனவிலங்கு சரணாலயம் அது. ஒரு பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், மறுபக்கம் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை சரணாலயம், அதற்கும் அப்பால் காவிரிக் கரைக் காடுகள். நீலகிரியில் கிளம்பும் யானை காவிரிவரை போகும் வழியில், சட்டத்தின் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லாமல் கிடந்த துண்டு இதுதான்.

அதே செய்தி பர்கூர் மலையில் வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. மாடு இனி எங்கே மேயும் என்பதுதான் அங்கே எழுந்த முதல் கேள்வி. அதற்கு நேரான பதிலை இதுவரை யாரும் எழுத்தில் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கேள்வியின் கனம் புரிய வேண்டுமானால் இரண்டு ஆண்டு பின்னே போக வேண்டும். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மேகமலைப் பக்கத்து மலைமாட்டு வழக்கு ஒன்றில், தமிழ்நாட்டின் காடுகள் எதிலும் கால்நடை மேயக் கூடாது என்று உத்தரவிட்டது. மலைமாவட்டங்கள் கொதித்தன. சில நாட்களிலேயே நீதிமன்றம் அந்த உத்தரவைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்று சுருக்கியது. பர்கூர் அப்போது காப்புக்காடு. ஆகவே தப்பியது. இருபத்திரண்டு மாதம் கழித்து அந்தக் காப்புக்காட்டுக்குச் சரணாலயம் என்று பெயர் மாறியது. ஒரு மரம் கூடவில்லை, ஒரு மாடு குறையவில்லை. பெயர் மாறியதும், சுருக்கப்பட்ட தடை தானாக நகர்ந்து வந்து அந்தப் பட்டிகள் மேல் விழுந்தது.

பட்டி என்றால் நம் ஊர்த் தோட்டத்துப் பட்டியைப் போல ஓரிரண்டு மாடு கட்டும் இடம் அல்ல. காட்டுக்குள்ளே முள்ளை வெட்டி வளைத்து அடைத்த பெரிய வேலி. இளங்கன்றுகளுக்குள் சிறுத்தை புகுந்துவிடாமல் தனி அடைப்பு. காவலுக்கு ஒரு குடிசை, இரவெல்லாம் புகைந்துகொண்டிருக்கும் ஒரு கட்டை. காலையில் மாடுகள் தாமாகவே மேய்ச்சலுக்குப் போகும், அந்தியில் தாமாகவே வந்து அடையும். இங்குள்ள மாடு செம்பழுப்பு உடலில் வெள்ளைத் திட்டு வாரித் தெளித்த பர்கூர் மாடு. முரட்டுக் குணம், ஓட்டத்தில் சளைக்காத கால். அறியாத ஆள் கிட்டே போனால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். பால் அவ்வளவாகக் கிடையாது. பிறகு எதற்கு வளர்க்கிறார்கள் என்றால், காளைக்கன்று விற்பனைக்கும் எருவுக்கும்தான். பட்டியில் முழங்கால் உயரத்துக்குச் சேரும் சாணமும் மூத்திரமும் மக்கி எருவாகி மலையிறங்கிச் சமவெளித் தோட்டத்துக்குப் போகிறது. அந்தியூர், பவானிப் பக்கத்து மஞ்சள் காட்டுக்காரரைக் கேட்டால் பர்கூர் எருவின் அருமையைச் சொல்வார்.

கன்றுகளுக்குச் சந்தை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில். குதிரைகளைப் பார்க்கத்தான் கூட்டம் என்று பத்திரிகைகள் எழுதும். தொலைக்காட்சிக் கேமராக்களும் குதிரைப் பக்கமே திரும்பியிருக்கும். மாட்டுத் தாவணிப் பக்கம் போனால் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்களையும், கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும் பர்கூர்க் கன்றுகளையும் பார்க்கலாம்.

இந்த மாட்டை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கன்னடம் பேசும் லிங்காயத்துகள். கூடவே சோளகர்களும் மலையில் இருக்கிறார்கள். ராகி, மரவள்ளி, கொஞ்சம் மானாவாரி. மழை பொய்த்தால் கையில் மிஞ்சுவது மாடு ஒன்றே. காங்கயம், உம்பளாச்சேரி, புலிக்குளம் போலப் பர்கூரும் தனி இனமாகப் பதிவு பெற்றது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதற்கென்றே பர்கூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. ஓர் அரசுத் துறை இந்த இனத்தைக் காக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. இன்னொரு அரசுத் துறையின் அறிவிப்பு அதன் மேய்ச்சலை நிறுத்துகிறது. இரண்டு துறைகளின் செயலர்களும் சென்னைக் கோட்டையில் ஒரே வளாகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இந்தச் சிக்கல் அவ்வளவும் சட்டத்தால் வந்ததில்லை என்று தெரியும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவில் மேய்ச்சலை அடியோடு தடுக்கிறது. சரணாலயத்துக்கு அப்படி ஒரு வரி அதில் கிடையாது. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ கட்டுப்படுத்தவோ தடுக்கவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது, அவ்வளவுதான். எந்தப் பள்ளத்தில், எந்த மாதத்தில், எத்தனை உருப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு வழி இருக்கிறது. சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. மாடு பக்கத்தில் இருக்கும் என்று எண்ணித்தான் அந்தப் பிரிவையே எழுதியிருக்கிறார்கள்.

பிழை வேறு இடத்தில் நுழைகிறது. புதிதாக ஒரு நிலத்தைச் சரணாலயம் ஆக்கும்போது மாவட்ட ஆட்சியர் அங்குள்ள உரிமைகளை விசாரிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அந்த நிலம் ஏற்கெனவே காப்புக்காடாக இருந்தால் விசாரணை தேவையில்லை, நேராக அறிவித்துவிடலாம். உரிமைகள் எல்லாம் காப்புக்காடு ஆக்கிய காலத்திலேயே தீர்க்கப்பட்டுவிட்டன என்பது சட்டத்தின் கணக்கு. காப்புக்காடு ஆக்கியது எந்தச் சட்டம்? 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம். மரத்துக்காகக் காட்டைக் கையில் எடுத்த வெள்ளைக்காரத் துரைகள், எழுத்தறியாத மலைக்காரரிடம் கேட்டோ கேட்காமலோ முடித்த விசாரணை, 2024இன் அறிவிப்புக்கும் போதும் என்று ஆகிவிடுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த அநியாயத்தைத் திருத்தத்தான் வந்தது. மேய்ச்சல் உரிமையைச் சமூக உரிமையாகவே அது பட்டியலிடுகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் முடங்கிக் கிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகுதான் பட்டா கொடுக்கவே வழி பிறந்தது. சோளகர் பழங்குடி என்பதால் அவர்கள் கோரிக்கை ஓரளவு எளிது. லிங்காயத்துகள் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டாக, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பட்டியில் எரு அள்ளிக்கொண்டிருந்த தாத்தாவுக்கு ரசீது யார் கொடுத்தார்கள்?

இவ்வளவு சொன்னதால் வனத்துறையை வில்லனாக்க வேண்டியதில்லை. அவர்கள் தரப்பிலும் வலுவான காரணங்கள் உண்டு. கோமாரியும் அடைப்பானும் மாட்டிலிருந்து காட்டு விலங்குக்குத் தாவும் நோய்கள். புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் உடலில் விஷம் வைத்துப் பழி தீர்ப்பது மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் நடந்திருக்கிறது. கோடையில் புல் துளிர்க்கட்டும் என்று வைக்கிற தீ எல்லை தாண்டும். சமவெளிப் பணக்காரரின் மாடுகள் மலைப் பட்டிக்குள் கலந்து நிற்பது பல மலைகளில் உள்ள பழைய புகார். இத்தனையும் மேய்ச்சலை ஒழுங்குபடுத்துவதற்கான காரணங்கள். உருப்படியை எண்ணு, காதில் வில்லை மாட்டு, ஊசி போடு, அடிபட்ட மாட்டுக்கு இழப்பீட்டை உடனே கொடு என்று சொல்ல அவை போதும். ஒரேயடியாக வெளியேற்று என்று சொல்லப் போதா.

ஒரேயடியாக வெளியேற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டில் ஒரு சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். பறவையியல் மேதை சாலிம் அலியும் தடையை ஆதரித்தவர்தான். எதிர்த்துத் திரண்ட கிராமத்தாரைப் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அந்த ஆண்டுகளில் அங்கே செய்த பத்தாண்டு ஆய்வு, யாரும் எதிர்பாராததைச் சொன்னது. எருமை தின்றுகொண்டிருந்த நீர்ப்புல் தின்ன ஆளின்றி ஏரியை மூடிக்கொண்டது, நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது, தடையால் பறவைக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம். அந்த ஆய்வை நடத்தியவர் வி.எஸ். விஜயன். பின்னாளில் நம் ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநராக வந்தவரும் அவரே. பாடம் வெகுதூரத்தில் இல்லை, கோவையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் இருக்கிறது.

பரத்பூர் ஏரி, பர்கூர் வறண்ட இலையுதிர் மலை. ஒன்றின் முடிவை இன்னொன்றின் மேல் அப்படியே ஒட்ட முடியாது. பர்கூரில் மாடு மேய்வதால் உன்னிச்செடி கூடுகிறதா குறைகிறதா, மானுக்கும் காட்டெருமைக்கும் புல் மிஞ்சுகிறதா என்பதை அந்த மலையிலேயே அளந்து பார்க்க வேண்டும். பரத்பூரில் அளந்து முடிக்கும் முன்பே தடுத்துவிட்டார்கள். அந்த வரிசையையாவது நாம் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை 2011இல் புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அங்குள்ள சோளிகர்களுக்கு, நம் சோளகரின் சொந்தபந்தங்களுக்கு, காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றில் அப்படி நடந்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. உரிமை கொடுத்ததால் அங்கே புலி ஓடிப்போய்விடவில்லை.

அறிவிப்பே வேண்டாம் என்பாரும் பர்கூரில் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சத்தியமங்கலத்தைப் பாருங்கள். வீரப்பன் பெயரால் மட்டும் உலகம் அறிந்திருந்த காடு அது. 2004இல் அவர் கதை முடிந்தது. 2008இல் சரணாலயம், 2011இல் விரிவாக்கம், 2013இல் புலிகள் காப்பகம். 2011இல் 25 என்றிருந்த புலிகள் 80 ஆனதற்காக 2022இல் சர்வதேச விருது வந்தது. அறிவிப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. கல்குவாரிகள் மலையை அறுத்துக்கொண்டிருக்கும் கொங்கு நாட்டில், சரணாலய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் கட்டளை ஒன்றே அறிவிப்பை வரவேற்கப் போதுமான காரணம்.

அதே சத்தியமங்கலம் காட்டின் திம்பத்தில் நடந்தது இன்னும் பயனுள்ள படிப்பினை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைச்சாலையில் இரவு லாரிகளில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டிருந்தன. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்தைத் தடுத்தது. மலைமேல் தாளவாடி விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். முட்டைக்கோசும் தக்காளியும் இரவில் ஏறினால்தான் காலைச் சந்தைக்குச் சேரும். நீதிமன்றம் அவர்கள் சொன்னதையும் கேட்டு உள்ளூர் வண்டிகளுக்குத் தளர்வு கொடுத்தது. முழுத் திருப்தி இரு தரப்புக்கும் இல்லைதான். ஆனால் எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எவ்வளவு எடை என்று எழுத்தில் ஒரு கணக்கு வந்துவிட்டது. லாரிக்கு எழுத முடிந்த கணக்கை மாட்டுக்கு எழுத முடியாதா?

இப்படிக் கணக்கு எழுதி வைக்கும் வழக்கம் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்க மாநிலங்களில் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் என்று ஆயிரக்கணக்கில் அரசு நிலங்கள் உள்ளன. துப்பாக்கி, தோட்டா மேல் வசூலிக்கும் வரியிலிருந்து 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றுக்குப் பணம் போகிறது. வேட்டைக்கும் பருவம் பார்த்து அனுமதி உண்டு. வேட்டை நமக்கு வேண்டாம். ஆனால் இந்த நிலத்தில் எது செய்யலாம், எந்த மாதம் செய்யலாம், யாரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்பதை நிலத்துக்கு நிலம் தனியாக எழுதி, வாசலில் பலகை வைத்துச் சொல்லிவிடும் வழக்கம் வேண்டும். நம் பலகைகளில் ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்ற ஒரே வரிதான்.

நிலத்துக்கு நிலம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொங்கு நாட்டில் காக்க வேண்டியது எல்லாம் ஒரே வகை நிலம் அல்ல. கோயம்புத்தூர் வனக்கோட்டம் சரணாலயமும் இல்லை, புலிகள் காப்பகமும் இல்லை. யானை மனிதன் மோதல் இங்கேதான் ஓயாமல் நடக்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டுச் செத்தன. 2024 பிப்ரவரி முதல் மதுக்கரைப் பாதையில் பன்னிரண்டு கோபுரங்களில் வெப்பக் கேமராக்களும் செயற்கை நுண்ணறிவும் கண் விழித்துக் காவல் காக்கின்றன. பெயர்ப் பலகை எதுவும் மாறாமலேயே நடந்த காரியம் இது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 77 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவை மிரளும் என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, குழந்தைகளுக்கு மத்தாப்பு மட்டும். 2022இல் அதற்கு ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. 2024இல் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும் கிடைத்தது.

எந்தப் பட்டியலிலும் வராத நிலம் ஒன்றும் நம்மிடம் உண்டு. காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடு. பட்டா நிலம். சுற்றி முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மாற்றி மாற்றிப் படல் அடைத்து மாட்டையும் செம்மறியையும் மேய்க்கிறார்கள். காங்கயம் காளையின் தாய்வீடு அதுதான். மேய்ச்சலும் பாதுகாப்பும் ஒரே வேலிக்குள் இருக்க முடியும் என்பதற்கு இந்த மண்ணின் சொந்தச் சாட்சியும் அதுவே. அரசு ஆவணத்தில் அது மேடு, மானாவாரி, தரிசு. சோலார் கம்பெனிக்காரர் வந்தால் ஓராண்டில் போய்விடும். தனியார் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கும் வழியை வன உயிரினச் சட்டத்தின் 2002 திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அப்படி அறிவித்த பிறகு நிலத்தின் பயனை மாற்ற வேண்டுமென்றால் குழுத் தீர்மானமும் அரசு அனுமதியும் வேண்டும். பதிலுக்கு அரசு எதுவும் தருவதில்லை. எந்தக் கவுண்டர் கையெழுத்துப் போடுவார்? திருநெல்வேலித் திருப்புடைமருதூரில் ஊரார் காத்த பறவைகளுக்காக 2005லேயே காப்பகம் அறிவித்த மாநிலம் இது. கொறங்காட்டுக்கு ஒரு ஊக்கத்தொகைத் திட்டம் யோசிக்க இருபது ஆண்டு போதாதா?

பர்கூருக்கு வருவோம். செய்ய வேண்டியவை புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. பட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் மலைக்காரருக்குச் சொந்தமான மாடு எத்தனை என்பதைக் கால்நடைத் துறையும் வனத்துறையும் சேர்ந்து எண்ணி ஊர்ப் பொதுவில் ஒட்ட வேண்டும். சமூக மேய்ச்சல் உரிமைக் கோரிக்கைகளை வன உரிமைச் சட்டப்படி விசாரித்து முடிக்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தின்படியான உரிமைகள் தொடரும் என்று அரசுத் தரப்பில் வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்டதை, உயர் நீதிமன்றத்தின் முன் அரசே எழுத்தில் வைத்துத் தடையிலிருந்து விலக்குக் கேட்க வேண்டும். யானை நீருக்கு இறங்கும் வரட்டுப்பள்ளம் போன்ற இடங்களை மாடு புகாத பகுதி என்று ஊராரே ஒப்புக்கொண்டு குறித்துக் கொடுக்கட்டும். கொடுப்பார்கள். அந்தக் காட்டில் யானைக்கு வழிவிட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

சரணாலய மேலாண்மைத் திட்டத்தை, வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில், கிராம சபையைக் கலந்தே எழுத வேண்டும் என்று நாடாளுமன்றம் 2022இல் நிறைவேற்றிய திருத்தம் சொல்கிறது. பர்கூர் கிராம சபையில் இது ஒன்றையே பொருளாக வைத்துக் கூட்டம் போட ஈரோடு மாவட்ட ஆட்சியர் நாள் குறிக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வனத்துறை உயர் அதிகாரிகள் நேரில் வர வேண்டும், பட்டிக்காரர் பேசி முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார வேண்டும்.